பைபிளை எங்கே திறப்பது? புதிய விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சபைக்குப் புதிதாக வருகிறவர் கைக்கு முதல் வாரமே ஒரு பைபிள் வந்துவிடுகிறது. அதை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர ஆள் கிடைக்க மாதக்கணக்காகிறது. அந்த இடைவெளியில் எழும் கேள்விகள் இவை. வசனம் காட்டும் இடங்களில், தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளில் அதிகம் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின் சொற்களையே எடுத்திருக்கிறோம்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் அப்படித் தொடங்குகிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுத்து, ஜனவரி 1 முதல் நாளுக்கு மூன்று அதிகாரம் படிப்பவர், மாதக் கடைசிக்குள் ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களையும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களையும் முடித்திருப்பார். ஜனவரி 31 அன்று லேவியராகமம். எந்தப் பலியில் கொழுப்பை எங்கே எரிப்பது, எந்தத் தோல்நோய்க்கு எத்தனை நாள் அடைத்துவைப்பது என்று பக்கம் பக்கமாகப் போகும். பலருடைய பைபிளில் புக்மார்க் ரிப்பன் அங்கேயே கிடக்கிறது. தவறு லேவியராகமத்தில் இல்லை. அது யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது என்று தெரிவதற்கு முன்பே அங்கே போய்விட்டதுதான் சிக்கல்.

பைபிள் ஒரே புத்தகம் போல பைண்டு செய்யப்பட்ட நூலகம். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வரலாறு, சட்டம், பாட்டு, பழமொழி, கடிதம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நூலகத்தில் முதல் அலமாரியின் முதல் புத்தகத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

இயேசுவின் கதையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான். நான்கு சுவிசேஷங்களில் சிறியது, வேகமானது. உரக்க வாசித்தாலும் மொத்தம் இரண்டு மணி நேரம் போல ஆகும். அதற்குப் பிறகு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு 90 நாள் வரிசை ஒன்று: மாற்கு நாளுக்கு ஒரு அதிகாரமாக 16 நாள், ஆதியாகமம் நாளுக்கு இரண்டாக 25 நாள், யாத்திராகமம் 1 முதல் 20 வரை, அதாவது பத்துக் கட்டளைகள் வரை, இரண்டிரண்டாக 10 நாள், யோவான் 21 நாள், அப்போஸ்தலருடைய நடபடிகள் இரண்டிரண்டாக 14 நாள், கடைசியில் பிலிப்பியர் 4 நாள். இரவு படுக்கும்முன் ஒரு சங்கீதம். இந்த வரிசையில் போனவருக்கு லூக்கா, உபாகமம், ரோமர் எதுவும் அந்நியமாகத் தோன்றாது.

வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசிக்கு வையுங்கள். அதிலுள்ள மிருகங்களும் எக்காளங்களும் எங்கிருந்தோ வந்தவை அல்ல. யாத்திராகமம், எசேக்கியேல், தானியேல், சகரியா ஆகியவற்றிலிருந்து எடுத்துக் கோத்தவை. அவற்றைப் படிக்காமல் இதைத் திறந்தால், யூடியூபில் யார் சத்தமாக விளக்கம் சொல்கிறாரோ அவர் சொல்வதுதான் அர்த்தமாகிவிடும்.

நாளுக்கு எவ்வளவு நேரம்? நாள் தவறிவிட்டால்?

இருபது நிமிடம் போதும். ஒரு அதிகாரம் வாசிக்கப் பத்து நிமிடம், அதையே இரண்டாம் முறை வாசிக்க ஐந்து, இரண்டு வரி எழுதி ஜெபிக்க ஐந்து. நேரம் முன்பின் ஆகலாம். இரண்டாம் முறை வாசிப்பதை மட்டும் விடாதீர்கள். முதல் வாசிப்பில் கதைதான் தெரியும்.

தவறிய நாளை ஈடுகட்டப் போகாதீர்கள். மூன்று நாள் தவறினால் நான்காம் நாள் நான்கு பங்கு படிக்கவேண்டும் என்ற கணக்குதான் பெரும்பாலோரைக் கவிழ்க்கிறது. விட்ட இடத்தில் தொடங்குங்கள். 90 நாள் 110 நாளானால் யாரும் அபராதம் போடப்போவதில்லை.

தமிழ்தான், ஆனாலும் புரியவில்லை. ஏன்?

உங்கள் கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் வெளியானது. ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்தது. நூற்றைம்பது ஆண்டுகளில் சொற்கள் நகர்ந்துவிட்டன. தெரியாத சொல் வந்தால் பிரச்சினை இல்லை, யாரிடமாவது கேட்டுக்கொள்வீர்கள். தெரிந்த சொல் வேறு அர்த்தத்தில் வரும்போதுதான் ஏமாற்றும். அடிக்கடி ஏமாற்றுகிற சிலவற்றைச் சொல்கிறோம்.

"சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்பதில் ஜாதி என்றால் மக்களினம். நம் ஊர் சாதி அல்ல. "புறஜாதியார்" என்றால் யூதரல்லாத மக்கள். இதைச் சொல்லித்தராமல் விட்டால் புதியவர் மனதில் என்ன ஓடும் என்று விளக்கத் தேவையில்லை.

"சுதந்தரம்" என்றால் விடுதலை அல்ல, பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய சொத்துரிமை. ரோமர் 8:17-ல் "கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர்" என்று வந்தால் கிறிஸ்துவோடு கூட்டு வாரிசுகள் என்று பொருள். விடுதலைக்குப் பழைய மொழிபெயர்ப்பு வைத்திருக்கும் இன்னொரு சொல் "சுயாதீனம்". கலாத்தியர் 5:1-ல் பார்க்கலாம்.

"பட்டயம்" என்றால் வாள். பாலிடெக்னிக் பட்டயம் அல்ல. "பரதேசி" திட்டு அல்ல. சொந்த ஊரல்லாத இடத்தில் தங்கியிருப்பவர். "நிருபம்" கடிதம். "ஆயக்காரர்" வரி வசூலிப்பவர். "வேதபாரகர்" மோசேயின் சட்டத்தைப் படித்து விளக்கும் அறிஞர். "ஆக்கினைத்தீர்ப்பு" தண்டனைத் தீர்ப்பு. "மாம்சம்" சில இடத்தில் உடம்பு, சில இடத்தில், குறிப்பாகப் பவுலின் கடிதங்களில், கடவுளை விட்டு விலகி நிற்கும் மனிதச் சுபாவம். எது என்று சுற்றியுள்ள வரிகள்தான் சொல்லும்.

அடுத்தது அச்சடிப்பு. பழைய மொழிபெயர்ப்பில் மேற்கோள் குறிகள் கிடையாது. "அவனை நோக்கி:" என்று இருபுள்ளி வந்தால் அங்கே பேச்சு தொடங்குகிறது. "என்றார்" என்று வரும்போது முடிகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டாலே யார் பேசுகிறார் என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். முதல் வாரம் பென்சிலால் அந்த இரண்டு இடத்திலும் மேற்கோள் குறி போட்டுக்கொண்டே படித்துப் பாருங்கள். நீளமான வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். வாய்விட்டுப் படித்தால் காது அதைக் கண்டுபிடித்துவிடும். கண் மட்டும் ஓடினால் நடுவில் தொலைந்துபோகும்.

அளவுகளைத் தாண்டிப்போகாதீர்கள், பல கதைகளின் முள் அங்கேதான் இருக்கிறது. மத்தேயு 18-ல் ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். அவனுக்கு இன்னொருவன் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டும். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து என்பது 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. வருடமெல்லாம் லீவு இல்லாமல் உழைத்தாலும் ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டாவது கடன் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சற்று அதிகம். "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று முதல் ஆள் கெஞ்சுவது எவ்வளவு அபத்தம் என்பது இந்தக் கணக்குப் போட்டபிறகே உறைக்கும். ஒரு முழம் சுமார் 45 செ.மீ. மணிவேளை காலை ஆறு மணியிலிருந்து எண்ணப்படும்: மூன்றாம் மணிவேளை காலை ஒன்பது, ஒன்பதாம் மணிவேளை மாலை மூன்று.

அப்படியானால் வேறு மொழிபெயர்ப்பு வாங்கலாமா?

வாங்கலாம், வாங்குவது நல்லதும்கூட. சபையில் வாசிப்பதைப் பின்தொடரவும் மனப்பாடம் செய்யவும் பழையது. வீட்டில் புரிந்து படிக்க எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் விளக்கவுரை வாங்கும் தேவை பாதி குறையும்.

1995-ல் வந்த திருவிவிலியம் இன்றைய தமிழில் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை வழிபாட்டில் வாசிப்பது அதுதான். அதில் பெயர்கள் மாறும்: ஆதியாகமம் தொடக்க நூல் ஆகும், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள், ஞானஸ்நானம் திருமுழுக்கு, கர்த்தர் ஆண்டவர். புத்தகம் வேறு என்று பயந்துவிடாதீர்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள் இருக்கும். தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய ஏழு அதிகம். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் எந்த வேறுபாடும் இல்லை.

"பழையதுதான் உண்மையான பைபிள், மற்றவை திருத்தப்பட்டவை" என்று சொல்பவர்களைச் சந்திப்பீர்கள். பழையதே அதற்கு முன்னிருந்தவற்றின் திருத்தம். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-ல் முடிந்தது. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. அதில் கடவுளுக்குச் "சர்வேசுரன்" என்ற சொல். பிறகு வந்த பப்ரிசியுஸ் "பராபரன்" என்றார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் மறுபடி மொழிபெயர்த்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் செய்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் சைவரான ஆறுமுக நாவலர். இத்தனை கை பட்டபிறகு வந்ததுதான் 1871 பதிப்பு. ஒவ்வொரு தலைமுறையும் தன் காதுக்கு விளங்கும்படி மறுபடி சொல்லியிருக்கிறது.

வசன எண்களை எப்படிப் படிப்பது?

யோவான் 3:16 என்றால் யோவான் புத்தகம், 3-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனம். முன்னால் எண் வந்தால் வேறு புத்தகம்: "1 யோவான் 3:16" கடைசிப் பகுதியிலுள்ள கடிதம், யோவான் சுவிசேஷம் அல்ல. வாட்சப்பில் வரும் வசனங்களில் அந்த "1" அடிக்கடி காணாமல்போகிறது.

அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியென் அச்சிட்ட பதிப்பிலிருந்து வருகின்றன. எழுதியவர்கள் போட்டவை அல்ல. நடுவில் இருக்கும் தலைப்புகளும் பதிப்பாளர் சேர்த்தவை. ஆகையால் அதிகாரம் முடிந்த இடத்தில் பேச்சும் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள்.

குளிக்காமல் பைபிளைத் தொடலாமா? மாதவிலக்கு நாட்களில்? கீழே விழுந்தால்?

கேட்கக் கூச்சப்பட்டு, பலர் பல மாதம் மனதிலேயே வைத்திருக்கும் கேள்வி இது. தொடலாம். எந்த நாளிலும், எந்த நிலையிலும், பஸ்ஸிலும், சமையலறையிலும் படிக்கலாம்.

லேவியராகமம் 15-ஐப் படித்துவிட்டு, "பைபிளிலேயே தீட்டு இருக்கிறதே" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் மாற்கு 5:25-34-ல் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கோடு இருந்த பெண் கூட்டத்துக்குள் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். லேவியராகமத்தின்படி அவள் தொட்டால் தொட்டவருக்குத் தீட்டு. இயேசு பின்வாங்கவில்லை, "மகளே" என்று கூப்பிட்டு அனுப்பினார். சுவிசேஷங்களில் அவர் அப்படி அழைத்த பெண் இவள் ஒருத்திதான்.

புத்தகம் கீழே விழுந்தால் எடுத்துத் தூசி தட்டி வையுங்கள். மரியாதையாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் கெட்ட கனவு வராதிருக்கத் தலையணைக்கடியில் வைப்பது, குழந்தையின் தொட்டிலில் வைப்பது, காரின் டாஷ்போர்டில் திறக்காமலே வைத்திருப்பது எல்லாம் தாயத்தின் வேலையைப் பைபிளிடம் கொடுப்பது. நீங்கள் விட்டுவந்த பழக்கம் வேறு அட்டைபோட்டுத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

படித்தால் என்ன கவனிக்கவேண்டும்? எனக்கு எதுவும் தோன்றுவதில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இங்கே என்ன இருக்கிறது? அன்றைக்கு அதைக் கேட்டவர்களுக்கு அது என்ன சொன்னது? இன்று எனக்கு என்ன சொல்கிறது? புதியவர்கள் (பழையவர்களும்தான்) முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதுக்குக் குதிப்பார்கள். அதனால்தான் ஒன்றும் தோன்றுவதில்லை, அல்லது தினமும் ஒரே விஷயம் தோன்றுகிறது.

ஒன்று செய்து பார்ப்போம். மாற்கு 10:46-52, பர்திமேயு என்ற குருடன் எரிகோவில் பார்வை பெறும் கதை. முதல் கேள்விக்கு, வாசித்ததை அப்படியே எழுதுங்கள்: வழியருகே பிச்சை எடுக்கிறான், கூப்பிடுகிறான், அதட்டுகிறார்கள், அதிகமாகக் கூப்பிடுகிறான், மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று இயேசு கேட்கிறார். இங்கே நில்லுங்கள். குருடனிடம் போய் யாராவது இப்படிக் கேட்பார்களா? பதினைந்து வசனம் பின்னால் போய் 10:36-ஐப் பாருங்கள். யாக்கோபும் யோவானும் வந்தபோது அவர்களிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர்கள் வலதுபுறமும் இடதுபுறமும் நாற்காலி கேட்டார்கள். பிச்சைக்காரன் பார்வை கேட்டான். கூடவே நடந்த சீஷர்களுக்குத் தெரியாத ஒன்று வழியோரத்தில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. மாற்கு இரண்டையும் அருகருகே வைத்தது அதற்காகத்தான். இனி மூன்றாவது கேள்விக்கு உங்களால் பதில் எழுத முடியும்: அதே கேள்வியை என்னிடம் கேட்டால் நான் எதைக் கேட்பேன்?

இந்த விஷயம் பிரசங்கியார் சொல்லி வந்ததில்லை. பக்கத்திலேயே இருந்தது.

கண்ணை மூடித் திறந்து, விரல் வைத்த வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா? வாக்குத்தத்த அட்டை?

கண்ணை மூடித் திறப்பதை விட்டுவிடுங்கள். அது கிளி ஜோசியத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வாக்குத்தத்த அட்டை, அதாவது புத்தாண்டில் சபையில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் வசன அட்டை, வேறு; அதிலுள்ளது நல்ல வசனம்தான். அட்டையோடு நின்றுவிடுவதுதான் குறை. அட்டை கிடைத்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் திறந்து படித்தால் அட்டையால் நன்மை உண்டு.

புத்தாண்டில் மிக அதிகமாக வரும் வசனம் எரேமியா 29:11: கர்த்தர் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்று வேறு தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபம் செய்யுங்கள் என்று எழுதினார். பத்தாம் வசனத்தில் காலம் குறிக்கப்பட்டிருக்கிறது: எழுபது வருடம். கடிதம் கேட்ட பெரியவர்கள் பலர் திரும்புவதைப் பார்த்திருக்கமாட்டார்கள். இதையெல்லாம் படித்தபிறகு 11-ஆம் வசனத்தின் அர்த்தம் குறையவில்லை, ஆழமாகிறது. ஆனால் "மார்ச்சுக்குள் வேலை கிடைக்கும்" என்ற அர்த்தம் அதில் இல்லை. அப்படிச் சொல்லிக் கொடுத்து, மார்ச்சில் வேலை கிடைக்காமல்போனால், அவர் சந்தேகப்படுவது சொன்னவரை அல்ல, பைபிளை. புதிய விசுவாசிகள் நம்பிக்கை இழப்பதற்கு நாத்திகப் பிரசாரத்தைவிட இது பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு.

மத்தேயுவில் இரண்டு குருடர், மாற்குவில் ஒருவர். எதை நம்புவது?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். மத்தேயு 20:30-ல் இரண்டு பேர். மாற்குவில் ஒருவர், பெயரோடு. லூக்கா 18:35-ல் எரிகோவுக்குச் சமீபமாய் வரும்போது. மற்ற இருவரிலும் எரிகோவை விட்டுப் புறப்படும்போது. இருவர் இருந்து, அதில் பெயர் தெரிந்த ஒருவரை மட்டும் மாற்கு சொல்லியிருக்கலாம். ஊர் விஷயத்துக்கு, பழைய எரிகோ, ஏரோது கட்டிய புதிய எரிகோ என்று இரண்டு இருந்ததைக் காட்டுபவர்கள் உண்டு. அது ஒரு ஊகம்.

எல்லா வேறுபாட்டையும் இழைத்துச் சமமாக்கிவிடலாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வேறுபாடுகள் முதல் நூற்றாண்டுகளிலேயே சபைக்குத் தெரியும். நான்கையும் ஒன்றாக்கி ஒரே சுவிசேஷமாக இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் தொகுத்தும் கொடுத்தார். சபை கடைசியில் நான்கையும் நான்காகவே வைத்துக்கொண்டது. நான்கு சாட்சிகள் ஒரே வரியைச் சொன்னால் நீதிமன்றத்தில் சொல்லிக்கொடுத்துச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கையால் நகலெடுத்து நகலெடுத்து வந்தது, மாறியிருக்காதா?

சிறு மாற்றங்கள் உண்டு. அவற்றை மறைத்துச் சொல்லித்தருவது தவறு. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

1947-ல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் ஏசாயா சுருள் ஒன்று கிடைத்தது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் இருந்தன, கிறிஸ்துவுக்கு முன் எழுதப்பட்டது. அதுவரை கையிலிருந்த முழு எபிரெயப் பழைய ஏற்பாட்டுப் பிரதிகளில் காலம் தெரிந்த பழையது சுமார் கி.பி. 1008-ஐச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டு இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. வேறுபாடுகள் நிறைய, பெரும்பாலும் எழுத்துக்கூட்டல். ஏசாயா அதே ஏசாயாதான்.

சில இடத்தில் வேறுபாடு சுவாரசியமானது. 1 சாமுவேல் 17:4-ல் கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும், கிட்டத்தட்ட 2.9 மீட்டர். கும்ரானில் கிடைத்த சாமுவேல் பிரதியிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நான்கு முழமும் ஒரு ஜாணும், அதாவது இரண்டு மீட்டர். எது மூலம் என்பதில் அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். தாவீதுக்கு இரண்டு மீட்டரே போதுமான பயம்தான்.

புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் 5,000-க்கும் மேல் உள்ளன. மான்செஸ்டரில் இருக்கும் உள்ளங்கையளவுத் துண்டு ஒன்றில் யோவான் 18-ன் சில வரிகள் உள்ளன. பொதுவாக இரண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். இத்தனை பிரதிகள் இருப்பதால்தான் எங்கே கைதவறியது என்று தெரிகிறது. மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை ஆகிய இரண்டு பகுதிகளும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. 1 யோவான் 5:7-ல் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. புதிய மொழிபெயர்ப்புகளில் இவை அடிக்குறிப்போடோ அடைப்புக்குறிக்குள்ளோ வரும். மத்தேயு 17:21-ம் அப்படித்தான். "வசனத்தைத் திருடிவிட்டார்கள்" என்று வரும் ஃபார்வர்டுகளுக்கு இதுதான் பதில். திரித்துவம், உயிர்த்தெழுதல் எதுவும் இந்த வரிகளை மட்டும் நம்பி நிற்கவில்லை.

அகழ்வாராய்ச்சி பைபிளை நிரூபித்துவிட்டதா?

சில பெயர்களையும் இடங்களையும் உறுதிசெய்திருக்கிறது. 1961-ல் செசரியாவில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் கிடைத்தது. 1993-ல் தேல் தாணில் "தாவீதின் வீடு" என்று பொறித்த கல்வெட்டு. யோவான் 9-ல் வரும் சீலோவாம் குளத்தின் படிகள் 2004-ல் வெளிப்பட்டன. அப்போஸ்தலர் 18:12-ல் வரும் கல்லியோனின் பெயர் கிரேக்க நாட்டு டெல்பியில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. பவுல் கொரிந்துவில் இருந்த காலத்தை ஏறத்தாழக் கி.பி. 51 என்று கணக்கிட அது உதவுகிறது.

கல்வெட்டு அவ்வளவுதான் செய்யும். பிலாத்து இருந்தான் என்று காட்டும்; இயேசு உயிர்த்தெழுந்தார் என்று காட்டாது. அதற்கு, பவுல் 1 கொரிந்தியர் 15:6-ல் செய்வதைப் பாருங்கள்: ஐந்நூறு பேருக்கு மேல் பார்த்தார்கள், அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேளுங்கள் என்பதுதான் அதன் தொனி. சூரியன் நின்றதாக யோசுவா புத்தகம் சொல்லும் "தொலைந்த நாளை" நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது என்ற செய்தி பொய். செங்கடலடி ரதச் சக்கரம், நோவாவின் பேழையின் புகைப்படம் என்று வருபவற்றையும் அனுப்பாதீர்கள். பொய் முட்டுக்கொடுத்து நிறுத்திய நம்பிக்கை, முட்டு விழும் அன்று கூடவே விழும்.

இறால், நண்டு சாப்பிடலாமா? கோயில் பிரசாதம்?

லேவியராகமம் 11 செதிலும் சிறகும் இல்லாத நீர்வாழ் உயிரைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்டது. யூதரல்லாத விசுவாசிகள் அதைச் சுமக்கவேண்டுமா என்றே அப்போஸ்தலர் 15-ல் எருசலேமில் கூடி விவாதித்தார்கள். வேண்டாம் என்று முடிவானது. இறாலைச் சாப்பிடுங்கள்.

பிரசாதத்துக்கு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மொத்தமாகப் படியுங்கள். ஒரு வசனத்தைப் பிய்த்தால் இரண்டு எதிர்ப் பதில் கிடைக்கும். விக்கிரக வழிபாட்டில் பங்கெடுக்காதீர்கள். கடையில் விற்பதைத் துருவித் துருவி விசாரிக்காதீர்கள். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லித் தந்தால், அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்த்துவிடுங்கள் என்பது பவுலின் போக்கு. அம்மா கொண்டுவந்த தட்டைத் தள்ளிவிட்டுப் பிரசங்கம் செய்யச் சொல்லி எங்கும் இல்லை. "வேண்டாம்மா" என்று அன்பாகச் சொன்னால் போதும்.

பழைய ஏற்பாட்டில் இவ்வளவு கொலையும் இத்தனை மனைவிகளும் ஏன்?

நடந்ததைச் சொல்வது வேறு, செய் என்று சொல்வது வேறு. யாக்கோபுக்கு இரண்டு மனைவி என்று ஆதியாகமம் சொல்கிறது. அந்த வீட்டில் நடந்த பொறாமையையும் அதுவே சொல்கிறது. நியாயாதிபதிகள் புத்தகம் போகப் போக இருண்டு, "அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்" என்ற வரியோடு முடிகிறது. அது பாராட்டு அல்ல.

இஸ்ரவேலர் கானான் நாட்டைப் பிடித்த யுத்தங்கள் அப்படி எளிதில் முடியாது. அங்கே கட்டளையே கடவுளிடமிருந்து வருகிறது. விசுவாசிகள் நூற்றாண்டுகளாகப் போராடும் பகுதி அது. உங்களுக்கு உறுத்தினால் உங்கள் மனச்சாட்சி வேலைசெய்கிறது என்று அர்த்தம். நோட்டில் கேள்வியாக எழுதிவைத்துவிட்டு மேலே படியுங்கள்.

போதகர் சொல்வதும் நான் படிப்பதும் வேறாக இருந்தால்?

கேளுங்கள், தனியாக, மரியாதையாக, வசனத்தைக் காட்டி. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே "தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்தார்கள்" என்று அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் புகழ்கிறது. நீங்கள் தவறாகப் புரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நல்ல போதகர் சுற்றியுள்ள வசனங்களைத் திறந்து காட்டுவார். "அபிஷேகம் பண்ணப்பட்டவனைக் கேள்வி கேட்காதே" என்று பதில் வந்தாலோ, எல்லா வசனமும் கடைசியில் காணிக்கைப் பெட்டியில் போய் முடிந்தாலோ, வேறு சபை பார்ப்பதில் பாவமில்லை.

சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விட்டதா?

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9:24-ல் ஒரு தகப்பன் கதறுகிறான். அந்த அரைகுறைக்கே பதில் கிடைத்தது, பிள்ளை குணமானான். 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

ஆடியோ பைபிள் போனில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைவிட நல்லது நீங்கள் வாசிப்பது. வெளிப்படுத்தின விசேஷம் 1:3-ல் "வாசிக்கிறவனும்" என்று ஒருமை, "கேட்கிறவர்களும்" என்று பன்மை. ஒருவர் வாசிக்க ஊரே கேட்ட காலத்தில் எழுதப்பட்டவை இவை. ஒரு தடவைக்கு ஒரு கதை, பத்துப் பதினைந்து வசனம் போதும். வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். "கதையைத் திருப்பிச் சொல்லும்மா" என்று கேளுங்கள். விட்டுப்போனதை மட்டும் மறுபடி வாசியுங்கள். மாற்கு முழுவதும் இப்படிப் போக மூன்று நான்கு மாதம் ஆகும். பக்கத்து வீட்டம்மா வந்து உட்கார்ந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.